பித்தப்பையைத் துளை வழியே எடுப்பது: எது இயல்பு, எங்கே தவறும், எப்போது திரும்ப ஓட வேண்டும்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது "சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்பதுதான். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மை. சின்னது என்பது தோலில் தெரியும் நான்கு தழும்புகளுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளே நடப்பது, 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் வயிற்றைத் திறந்து முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது நடந்த அதே வேலை. பைக்குப் போகும் ரத்தக்குழாயையும் பையிலிருந்து வரும் குழாயையும் அடையாளம் கண்டு, அடைத்து, வெட்டி, கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் பையை உரித்து எடுக்க வேண்டும்.

1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மியூஹே என்ற அறுவை மருத்துவர் துளை வழியே முதன்முதலாக இதைச் செய்தார். சக மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்தபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1990-இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று மாவட்டத் தலைநகர்களில்கூடத் தினமும் நடக்கும் ஆபரேஷன் இது. திட்டமிட்டு, வீக்கமில்லாத பையை எடுக்கும்போது உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. முதிய வயது, இதய நோய், சீழ் பிடித்த பை ஆகியவை சேர்ந்தால் அது கூடும். இவ்வளவு நல்ல ஆபரேஷனில் தவறுவது எது, ஏன் தவறுகிறது, தவறியதை நோயாளியும் வீட்டாரும் எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வலி உண்மையில் கல்லால்தானா?

ஆபரேஷன் முடிந்தபின் வரும் முறையீடுகளில் மிக அதிகமானது ரத்தக்கசிவோ சீழோ அல்ல. "பையை எடுத்தும் வலி போகவில்லை" என்பதுதான். இதற்கான விடை பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே இருக்கிறது.

பித்தக்கல் வலிக்கு ஒரு முகம் உண்டு. மேல் வயிற்றின் நடுவிலோ வலது விலா ஓரத்திலோ எழும்பி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சில சமயம் ஐந்தாறு மணி நேரம்வரை விடாமல் நிற்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டை எலும்புக்கோ பரவும். இரவில் எழுப்பிவிடும். அமில மாத்திரைக்கு அடங்காது. வந்து போனபின் வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. இந்த முகத்தோடு வரும் வலி, பை போனதும் பெரும்பாலும் போய்விடும். மாறாக, தினமும் வயிறு உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் நிறைந்துபோன உணர்வு என்று வருபவருக்கு ஸ்கேனில் கல் தெரிந்தது தற்செயலாக இருக்கலாம். பையை எடுத்தால் கல் போகும், உப்புசம் இருக்கும்.

நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் 1,067 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பித்தக்கல்லும் வயிற்று வலியும் உள்ளவர்களை, வழக்கமான முறையில் முடிவெடுத்த ஒரு குழுவாகவும், வலியின் தன்மையைக் கறாராக ஆராய்ந்து தேர்ந்தெடுத்த ஒரு குழுவாகவும் பிரித்தார்கள். ஓராண்டு கழித்து வலியின்றி இருந்தவர்கள் முதல் குழுவில் 60 சதவீதம், இரண்டாவதில் 56 சதவீதம். அதாவது எப்படித் தேர்ந்தெடுத்தாலும் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வயிற்று வலி மிச்சமிருந்தது. அந்த வலி முன்பிருந்த அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் "எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுப்பது சரியல்ல என்று இந்த எண் சொல்கிறது. பிரிட்டனில் 434 பேரை வைத்து நடந்து 2023-இல் வந்த இன்னொரு ஆய்வில், சிக்கலில்லாத பித்தக்கல் வலிக்காரர்களில் ஆபரேஷனின்றிக் கவனிக்கப்பட்ட குழுவில் 18 மாதங்களில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 25 சதவீதம்தான்.

வலியே இல்லாமல் முழு உடல் பரிசோதனையில் மட்டும் கல் தெரிந்தவர்களில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. "கல் இருக்கிறதே, வெடித்துவிடுமா?" என்ற பயத்துக்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. பித்தப்பைச் சுவரில் வளரும் பாலிப், சுண்ணாம்பு படிந்த சுவர், ரத்த அணுக்கள் சிதையும் பரம்பரை நோய் ஆகியவை இருந்தால் கணக்கு வேறு.

தள்ளிப்போடக் கூடாத நிலைமைகளும் உண்டு. கல்லால் கணையம் வீங்கி, அது லேசாக இருந்து தணிந்துவிட்டால், அதே அட்மிஷனில் பையை எடுத்துவிட வேண்டும். 2015-இல் வெளிவந்த டச்சு ஆய்வில், அதே அட்மிஷனில் எடுத்தவர்களில் 5 சதவீதத்தினருக்குத்தான் கல் சார்ந்த சிக்கல் மீண்டும் வந்தது அல்லது உயிரிழப்பு நேர்ந்தது. "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் அது 17 சதவீதம். பை திடீரென வீங்கிக் காய்ச்சலோடு வரும்போதும் இதே கதைதான். வீக்கம் முற்றிலும் வற்றட்டும் என்று ஆறு வாரம் காத்திருப்பது பழைய பழக்கம். ஜெர்மனி மருத்துவர்கள் தலைமையில் 618 பேரிடம் நடந்த ஆய்வில் (2013), 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களில் சிக்கல் 11.8 சதவீதம், ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தள்ளிப்போட்டவர்களில் 34.4 சதவீதம். முதல் மூன்று நாட்களில் திசுவில் நீர் கோத்திருக்கும், பிரிப்பது எளிது. அதன்பின் அது இறுகி ஒட்டிக்கொள்ளும்.

தியேட்டருக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, கல் பைக்குள் மட்டும் இருக்கிறதா, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்துக்கும் இறங்கிவிட்டதா என்பது. பித்தப்பைக் கல் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு நாளத்திலும் கல் இருக்கும். ரத்தத்தில் பித்தம் தேங்கினால் ஏறும் பிலிரூபினும் ஆல்கலைன் பாஸ்படேஸும் உயர்ந்திருந்தால், அல்லது ஸ்கேனில் நாளம் 6 மி.மீட்டரைத் தாண்டி விரிந்திருந்தால், எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துப் பார்ப்பது நல்லது. கல் இருந்தால் ஈ.ஆர்.சி.பி. (கேமராக் குழாயைக் குடல்வரை செலுத்தி நாளத்தின் வாயை அடையும் முறை) மூலம் வாய் வழியாகவோ, வசதியுள்ள இடத்தில் அதே லேப்ராஸ்கோப்பியிலோ எடுத்துவிடலாம். இதை விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்தால், மிச்சக் கல் பின்னால் காமாலையாகவோ கணைய வீக்கமாகவோ வந்து நிற்கும். நாளத்தில் அடைப்பு இருக்கும்போது அழுத்தம் கூடி, பையின் குழாயை அடைக்கக் கிளிப் போட்ட இடத்தில் பித்தம் கசியவும் வாய்ப்பு அதிகம்.

உள்ளே நடப்பது

முழு மயக்கம் கொடுத்தபின், தொப்புளை ஒட்டி 10 மி.மீ. துளை போட்டு, கரியமில வாயுவை 12 முதல் 14 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். கேமரா அதன் வழியே போகும். நெஞ்செலும்புக்குக் கீழே இன்னொரு 10 மி.மீ. துளை, வலது விலாவுக்குக் கீழே இரண்டு 5 மி.மீ. துளைகள். முதல் துளைதான் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போடப்படுவது. முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குடல் அந்த இடத்தில் ஒட்டியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசியைக் குத்தி வாயு ஏற்றுவதைவிட, தோலைச் சிறிதாகத் திறந்து நேரில் பார்த்துக் குழலை நுழைப்பதே பாதுகாப்பு. ஊசி அல்லது முதல் குழல் குடலையோ பெரிய ரத்தக்குழாயையோ குத்திவிடுவது மிக அரிது. நேர்ந்தால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டிய விபத்து அது.

பையின் நுனியைப் பிடித்து வலது தோளை நோக்கி மேலே தள்ளுவார்கள். அதன் கழுத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுப்பார்கள். பை ஒரு கத்திரிக்காய் என்றால், வெட்ட வேண்டியது அதன் காம்பை. அந்தக் காம்பு, அதாவது பித்தப்பைக் குழாய், இரண்டு மூன்று மி.மீ. தடிமன். அது போய்ச் சேரும் பொதுப் பித்தநாளமோ கல்லீரலில் தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கும் பித்தம் முழுவதும் குடலுக்குப் போகும் ஒரே பாதை. அதன் விட்டமும் பெரும்பாலோருக்கு 6 மி.மீட்டருக்குள்தான். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சில மில்லிமீட்டர். வீங்கி ஒட்டிய வயிற்றில் அதுவும் தெரியாது.

இந்த ஆபரேஷனின் முதன்மையான விபத்து இதுதான்: காம்பு என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. பையின் கழுத்தை வெளிப்பக்கம் இழுக்காமல் மேல்நோக்கி மட்டும் இழுத்தால் காம்பும் பொதுநாளமும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே குழாய், பையிலிருந்து நேராக வருகிறது. அமெரிக்காவில் 252 பித்தநாளக் காயங்களின் வீடியோக்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டவர்கள், 97 சதவீதக் காயங்களுக்குக் காரணம் கைத்திறன் குறைவு அல்ல, கண்ணில் பட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று கண்டார்கள். வெட்டியவர் சரியான குழாயைத்தான் வெட்டுகிறோம் என்று உறுதியாக நம்பியே வெட்டினார். அதனால் "அனுபவம் உள்ளவர், கவனமாகச் செய்வார்" என்பது மட்டும் காவல் ஆகாது.

அனுபவத்துக்கு மதிப்பு இல்லை என்பதல்ல. 1991-இல் அமெரிக்காவின் தென் மாநில அறுவை மருத்துவர்கள் 1,518 நோயாளிகளைத் தொகுத்தபோது, ஒவ்வொரு மருத்துவரின் முதல் 13 நோயாளிகளில் பித்தநாளக் காயம் 2.2 சதவீதமாகவும், அதன்பின் 0.1 சதவீதமாகவும் இருந்தது. அந்தக் கற்றல் காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இருந்தும் ஆயிரத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து என்ற அளவில் காயம் இன்னமும் பேசப்படுகிறது. பழைய திறந்த முறையில் இது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்தது.

இதற்கு 1995-இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு வழி வகுத்தார். கிளிப் போடும் முன் மூன்று விஷயங்கள் திரையில் தெரிய வேண்டும். காம்புக்கும் கல்லீரல் நாளத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள முக்கோணத்திலிருந்து கொழுப்பும் நாரும் முழுக்க விலக்கப்பட்டிருக்க வேண்டும். பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிக்கப்பட்டுப் பின்னால் கல்லீரல் தெரிய வேண்டும். பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு, ஒரு குழாய், ஒரு தமனி என்று முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் தெரிய வேண்டும். இதை 'கிரிட்டிகல் வியூ' என்பார்கள். மூன்றும் தெரியாதவரை எதையும் வெட்டுவதில்லை என்ற விதியைக் கறாராகப் பிடிப்பவரே நல்ல அறுவை மருத்துவர். அந்தத் தருணத்தின் படத்தை எடுத்து வைப்பதும் நல்ல பழக்கம். கல்லீரலின் வலது அடியில் ரூவியர் பள்ளம் என்ற ஒரு வெடிப்பு பெரும்பாலோருக்கு இருக்கும். அதன் மட்டத்துக்குக் கீழே காட்டரியை (மின்சூட்டில் திசுவை வெட்டும் கருவி) கொண்டுபோகாமல் இருந்தாலே பொதுநாளம் பெருமளவு தப்பிக்கும். ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தை முன்கூட்டியே ஊசியில் செலுத்தி, சிறப்புக் கேமராவில் நாளங்களை ஒளிர வைத்துப் பார்க்கும் வசதி இப்போது பல இடங்களில் வந்திருக்கிறது. உதவும். ஆனால் தடித்து வீங்கிய திசுவுக்குள் ஒளி ஆழமாகப் போகாது, அதாவது மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மங்குகிறது.

முக்கோணம் திறக்கவே இல்லை என்றால்? இங்கேதான் நோயாளி வீட்டார் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கி ஓப்பனாக மாற்றுவது நூற்றுக்கு ஐந்து பேரை ஒட்டி நடக்கும். கடுமையாக வீங்கிய பையில் இன்னும் அதிகம். அதைத் தோல்வி என்று முகம் சுளிக்கக் கூடாது. அந்தச் சுளிப்பைத் தவிர்க்கத்தான் சிலர் இருட்டில் மேலும் அரை மணி நேரம் தோண்டுகிறார்கள். ஆனால் ஓப்பன் என்பதும் இன்று முன்போல் உறுதியான புகலிடம் அல்ல. லேப்ராஸ்கோப்பியிலேயே பயின்ற தலைமுறைக்குக் கடினமான ஓப்பன் பித்தப்பை செய்து பழக்கம் குறைவு. அதனால் முக்கோணத்தைத் தொடாமல், பையைத் திறந்து கற்களை வழித்தெடுத்து, கழுத்துப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுக்கும் சப்டோட்டல் முறை அதிகமாகக் கைக்கொள்ளப்படுகிறது. இதற்கு விலை உண்டு: சில நாள் டிரெயினில் (வயிற்றிலிருந்து கசிவை வெளியேற்றும் குழாய்) பித்தம் வரலாம், விட்டுவைத்த கழுத்தில் பின்னாளில் கல் சேரலாம். பொதுநாளம் அறுந்துபோவதோடு ஒப்பிட்டால் இவை தாங்கக்கூடியவை. டிஸ்சார்ஜ் தாளில் 'சப்டோட்டல்' என்ற சொல் இருந்தால், வருத்தப்பட வேண்டாம். மருத்துவர் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

எல்லாம் சரியாகத் தெரிந்தால் மீதி வேலை நேரானது. உள்ளே தங்கும் பக்கம் இரண்டு, பைப் பக்கம் ஒன்று என டைட்டானியம் கிளிப் போட்டு நடுவே வெட்டி, படுகையிலிருந்து பையை உரித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெளியே இழுப்பார்கள். குழாய் தடித்திருந்தால் கிளிப் முழு அகலத்தையும் பிடிக்காது, நழுவும். அங்கே நூல் முடிச்சுப் போட வேண்டும். உரிக்கும்போது பை கிழிந்து கற்கள் சிந்துவது அடிக்கடி நடப்பதே. கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பொறுக்கிக் கழுவிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தப்பிய கல் மாதங்களோ வருடங்களோ கழித்துக் கல்லீரலுக்குக் கீழே சீழ்க்கட்டியாக வருவதுண்டு. எனவே கல் சிந்தியது குறிப்பில் எழுதப்பட வேண்டும்.

முதல் வாரம்

வீட்டுக்கு வந்தபின் எதை எதிர்பார்க்கலாம்? வலது தோளில் ஒரு வலி வரும். வயிற்றைவிடத் தோள் அதிகம் வலிக்கிறதே என்று பலர் பதறுவார்கள். மிச்சமிருக்கும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது, அந்த நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை அதைத் தோள் வலியாகப் படிக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று நாளில் போய்விடும். எழுந்து நடப்பதும் பாராசிட்டமாலும் போதும். தொப்புள் துளையில் மற்றவற்றைவிட வலி கூடுதலாக இருக்கும், பை அதன் வழியாகவோ மேல் துளை வழியாகவோதான் இழுக்கப்படும். முதல் நாள் குமட்டல், இரண்டு மூன்று நாள் மலம் வராமை, துளையைச் சுற்றிக் கன்றிப்போன நீலம், இவை எல்லாம் இயல்பு. கல்லீரல் என்சைம்கள் முதல் ஓரிரு நாள் லேசாக உயர்வதும் வாயு அழுத்தத்தால்தான். பிலிரூபின் உயர்வது இயல்பு அல்ல.

மனதில் பதிய வைக்க வேண்டியது ஒன்றே: இந்த ஆபரேஷனுக்குப்பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். முதல் நாள் நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் சோர்ந்துபோய், சாப்பிடப் பிடிக்காமல், வயிறு உப்பி, விக்கலோடு படுத்திருந்தால், வேறொரு காரணம் நிரூபிக்கப்படும்வரை பித்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "கேஸ்தான், ஓமத் தண்ணி குடிங்க" என்று இரண்டு நாள் போக்குவது மிக ஆபத்தானது. தொற்று இல்லாத பித்தம் வயிற்றுக்குள் தேங்கும்போது முதலில் பெரிய வலியைக் கொடுக்காது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டுவது, இனம்புரியாத சோர்வு, வயிறு பெருப்பது, இவைதான் முதல் அறிகுறிகள். காய்ச்சலும் காமாலையும் பிறகே வரும். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேயிலை நிறமாவது, மலம் வெளுப்பது ஆகியவற்றுக்கு ஒரு இரவுகூடப் பொறுக்க வேண்டாம். போனில் மாத்திரை கேட்டு வாங்குவதும் வேண்டாம். நேரில் போய், ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்ய வேண்டும்.

பித்தக் கசிவில் பெரும்பாலானவை நல்லபடியாக முடிபவை. காம்பின் வெட்டுமுனையிலிருந்தோ, கல்லீரல் படுகையில் இருக்கும் மெல்லிய நாளங்களிலிருந்தோ கசியும். ஸ்கேன் பார்த்துத் தோல் வழியே ஒரு டிரெயின் வைத்துத் தேங்கியதை வெளியேற்றி, ஈ.ஆர்.சி.பி. மூலம் பொதுநாளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துவிட்டால், பித்தம் எளிதான வழியில் குடலுக்கு இறங்கும், கசியும் இடம் தானாக மூடும். இங்கே நம் ஊர்களில் அடிக்கடி நேரும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். உடம்பு தேறியதும் ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அது பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்தில் எடுக்கப்பட வேண்டியது. மூன்று மாதத்தைத் தாண்டினால் அடைத்துக்கொள்ளும். பிறகு குளிர் காய்ச்சலும் காமாலையும் வந்து, முதல் சிக்கலைவிடப் பெரிய சிக்கலாகிவிடும். ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் தாளின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வாங்குங்கள்.

பொதுநாளமே வெட்டுப்பட்டிருந்தால் ஸ்டென்ட் போதாது. சிறுகுடலின் ஒரு கிளையைக் கல்லீரல் வாசலுக்கு மேலே கொண்டுவந்து மிச்ச நாளத்தோடு தைக்க வேண்டும். இதை யார் செய்கிறார் என்பது வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கும். 1995-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஆய்வு, முதல் ஆபரேஷனைச் செய்தவரே சரிசெய்ய முயன்றபோது வெற்றி 17 சதவீதம், கல்லீரல்-பித்தநாளச் சிறப்பு மருத்துவர் செய்தபோது முதல் முயற்சியிலேயே 94 சதவீதம் என்று காட்டியது. காயம் தெரிந்த நேரத்தில் சிறப்பு மருத்துவர் அருகில் இல்லையென்றால், ஒரு டிரெயினை வைத்து மூடி, உண்மையைச் சொல்லி, அவரிடம் அனுப்புவதே நேர்மையான, திறமையான முடிவு. வீட்டார் கோபத்தில் நாட்களை இழக்காமல் அந்த மாற்றத்துக்கு ஒத்துழைப்பது நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி. இப்படிச் சரிசெய்யப்பட்டவர்களுக்கு அந்தத் தையல் பல ஆண்டு கழித்தும் சுருங்கலாம் என்பதால், கல்லீரல் ரத்தப் பரிசோதனையை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும்.

ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: நாடி வேகம், ரத்த அழுத்தம் இறக்கம், வெளிறல். அரிதான இன்னொரு வகை வாரங்கள் கழித்து வரும். காட்டரிச் சூடோ கிளிப்போ பட்ட வலது கல்லீரல் தமனியின் சுவர் பலவீனமாகி, பலூன்போல் உப்பி, பித்தநாளத்துக்குள் கசியும். வலி, காமாலை, கருமலம் மூன்றும் சேர்ந்து வந்தால் இதை நினைக்க வேண்டும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால் போச்சு. சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து, தொடை அல்லது மணிக்கட்டு வழியே குழாய் செலுத்தி அந்தத் தமனியை அடைத்தால் பிழைக்கலாம். குடலில் காட்டரிச் சூடு பட்டது இப்படியே தாமதமாக, சில நாள் கழித்து ஓட்டையாகும்.

ஆறாத துளை

சாதாரணத் துளைத் தொற்று முதல் வாரத்தில் சிவந்து சீழ் வைக்கும், கட்டு மாற்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஆறும். நம் நாட்டில் அடிக்கடி பார்க்கும் வேறொன்று, நன்றாக ஆறிய தழும்பு மூன்று நான்கு வாரம் கழித்துக் கெட்டியாகி, முடிச்சு முடிச்சாக வீங்கி, தண்ணீர்போல் கசிவது. வழக்கமான ஆன்டிபயாட்டிக் எதுவும் பிடிக்காது, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றும் வளரவில்லை என்பார்கள். இது காசநோய்க் கிருமியின் உறவான, வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கிருமி குழாய்த் தண்ணீரில் வாழ்வது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தேய்க்காமல், 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, சாதாரணத் தண்ணீரில் அலசி அடுத்தவருக்குப் பயன்படுத்தும்போது இது வருகிறது. அந்த இருபது நிமிடம் கிருமியைக் குறைக்குமே தவிர, வித்துகள் உட்பட முற்றாக அழிக்க பத்து மணி நேரம் வேண்டும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) போடக்கூடிய கருவிகளை ஆட்டோகிளேவ் செய்வதே தீர்வு. நோயாளியிடமிருந்து திசு எடுத்து, மைக்கோபாக்டீரியக் கல்ச்சர் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். சிகிச்சை கிளாரித்ரோமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகளை இணைத்து மாதக்கணக்கில் நீளும், சிலருக்கு அந்த முடிச்சுகளை வெட்டியெடுக்க வேண்டியும் வரும். காசநோய் என்று முடிவுகட்டி வழக்கமான டி.பி. மாத்திரை தொடங்கினால் இந்தக் கிருமிகளில் பல அதற்கு அசையாது.

தொப்புள் துளையில் குடலிறக்கம் வருவது நூற்றில் ஒன்றிரண்டு. பருமனானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், பெரிய கல்லுக்காகத் துளையை அகலப்படுத்தியவர்களுக்கும் அதிகம். இரண்டு வாரத்தில் அலுவலக வேலைக்குப் போகலாம், ஆனால் நெல் மூட்டை, கேஸ் சிலிண்டர் தூக்குவதை ஆறு வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றித் தேவையற்ற பயம் நிறைய இருக்கிறது. பை சேமித்து வைக்கும் இடம் மட்டுமே, அதன் கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பை போனபின் பித்தம் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரம் எண்ணெய்ப் பலகாரம், கொழுப்பான கறி குறைத்துச் சிறுசிறு வேளையாகச் சாப்பிட்டு, பிறகு மெல்ல வழக்கத்துக்குத் திரும்பலாம். ஆயுளுக்கும் எண்ணெய் இல்லாத கஞ்சி என்பது யாருக்கும் தேவையில்லை. பத்தில் ஒருவரை ஒட்டிச் சிலருக்குச் சாப்பிட்ட உடனே வயிற்றுப்போக்கு வரும். பித்த அமிலம் பெருங்குடலை எரிச்சலூட்டுவதே காரணம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் கொலெஸ்டிரமைன் தூள் நன்றாகக் கேட்கும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் அது அவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

பழைய வலி மாதங்கள் கழித்துத் திரும்பினால், முதலில் ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.சி.பி.யும் செய்து நாளத்தில் மிச்சக் கல், காம்பின் நீளமான மிச்சத்தில் கல், நாளச் சுருக்கம் மூன்றையும் தேட வேண்டும். எதுவும் இல்லையென்றால் இரைப்பைப் புண், அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது, குடல் உணர்ச்சிக் கோளாறு பக்கம் திரும்ப வேண்டும். நாளத்தின் வாய்த் தசை இறுகியிருக்கிறது என்று சொல்லி, பரிசோதனைகளில் எந்த மாற்றமும் இல்லாதவருக்கு ஈ.ஆர்.சி.பி.யில் அதை வெட்டிவிடுவது முன்பு வழக்கமாக இருந்தது. 2014-இல் வந்த அமெரிக்க ஆய்வில், வெட்டியவர்களில் 23 சதவீதத்தினரும் வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 37 சதவீதத்தினரும் குணமடைந்தார்கள். வெட்டியதால் பயனில்லை, கணைய வீக்க ஆபத்து மட்டுமே மிச்சம்.

எடுத்த பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவதை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. கற்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, பையைக் குப்பையில் போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கல்லுக்காக எடுத்த பைகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் யாரும் எதிர்பாராத புற்றுநோய் தெரியவரும். கங்கைச் சமவெளியில் இது தமிழ்நாட்டைவிட வெகு அதிகம் என்றாலும், இங்கும் இல்லாமல் இல்லை. சுவரின் உள்படலத்தோடு நின்றிருந்தால் ஏற்கெனவே செய்த ஆபரேஷனே போதும். தசை அடுக்கைத் தொட்டிருந்தால், கல்லீரலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன் தேவை. ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகலாம். தையல் பிரிக்க வரும்போது அதைக் கேட்டு வாங்குங்கள், வரவில்லையென்றால் திரும்பவும் கேளுங்கள்.

ஆபரேஷன் குறிப்பின் நகல், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் தாள் மூன்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது பொதுநாளம் கொஞ்சம் விரிந்திருப்பதாக எழுதுவார்கள். பை எடுத்தவர்களுக்கு அது பெரும்பாலும் இயல்பு, ஆனால் அதைச் சொல்ல ஸ்கேன் செய்பவருக்குப் பை எப்போது எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். டைட்டானியம் கிளிப் என்று சொல்லுங்கள். அது காந்தத்துக்கு அசையாது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.